சி சர்டிபிகேட்டுக்கு அப்புறம்

கல்லூரி திறந்ததும் என்.சி.சி.க்கு ஆள் எடுப்போம். மைதானத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை, உயரம் அளக்க ஒரு கம்பம், ஓடவிட ஒரு விசில். வரிசையில் நிற்கிற பையன்களும் சரி, துணைக்கு வந்த அப்பாமாரும் சரி, கேட்பது ஒரே கேள்விதான். "போலீஸ் செலெக்‌ஷனுக்கு இதுக்கு மார்க் உண்டுல்லா சார்?"

உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் கொடுக்கிறார்கள். அதை நம்பிச் சேர்ந்து, இன்று தென்மாவட்டக் காவல் நிலையங்களில் இருக்கிற எங்கள் பையன்கள் நிறையப் பேர். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் "இதில சேர்ந்தா ராணுவத்துல ஆபீசரா போகலாமா?" என்று கேட்ட பையனை விரல்விட்டு எண்ணிவிடலாம். சிப்பாய் வேலை அவர்களுக்குத் தெரியும். தெருவுக்கு ஒரு மாமா பட்டாளத்தில் இருந்து வந்திருப்பார். தோளில் நட்சத்திரம் வைத்த ஆளை மட்டும் அவர்கள் பக்கத்தில் பார்த்ததில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். கூடவே ஏ.என்.ஓ. வேலையும் பார்க்கிறேன். அதாவது கல்லூரியில் என்.சி.சி.யைக் கவனிக்கிற ஆசிரியர். இதற்காக எங்களையும் நாக்பூர் பக்கத்தில் உள்ள காம்டிக்கு அனுப்பிப் பயிற்சி கொடுப்பார்கள். சாக்பீஸ் பிடித்துப் பழகிய ஆசிரியர்களைக் காலை இருட்டில் ஓடவிட்டு, பூட்ஸ் காலோடு தரையை மிதிக்கப் பழக்கி, லெப்டினன்ட் என்று பெயர் வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். என்னோடு வந்த ஒரு தாவரவியல் பேராசிரியர் ஓடுகிற வழியெல்லாம் செடிக்குப் பெயர் சொல்லிக்கொண்டே வருவார். அவருக்கு மூச்சு வாங்கியே நான் பார்த்ததில்லை.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்று பையன்களிடம் கேட்டால் 1948 என்பார்கள். என்.சி.சி.யில் நடுவில் எழுதுகிற பி சர்டிபிகேட் பரீட்சைக்கு அவ்வளவு போதும். உண்மையில் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஆள் பற்றாமல் போன 1917-ல் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து ஒரு படைப்பிரிவு தொடங்கினார்கள். 1920-ல் அது பல்கலைக்கழகப் பயிற்சிப் படை ஆனது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ல் அதையே பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்று மாற்றினார்கள். பட்டப்படிப்புப் படிக்கிறவனிடமிருந்து வெள்ளைக்காரன் எதிர்பார்த்தது இளம் அதிகாரியைத்தான். சுதந்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால், 1946-ல், குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழு சொன்னபடி 1948 ஜூலையில் என்.சி.சி. பிறந்தது. மறு வருஷமே பெண்கள் பிரிவும் வந்தது.

1962 சீனப் போருக்குப் பிறகு கல்லூரி மாணவர்கள் எல்லோருக்கும் இதைக் கட்டாயம் ஆக்கினார்கள். அந்தக் காலத்துப் பட்டதாரிகளிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வைத்திருப்பார்கள். நாலு கிலோ எடையுள்ள .303 துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றின தண்டனைக் கதையும் அதில் கட்டாயம் இருக்கும். 1968-ல் விருப்பப்பட்டவர்கள் மட்டும் சேர்ந்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதே 1968 ஜனவரியில், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது, நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மொழித் தீர்மானத்தில் என்.சி.சி.யில் இந்தி ஆணைச் சொற்கள் கூடாது என்பதும் ஒரு பகுதி. டெல்லி குடியரசு தின முகாமுக்குப் போகிற பையன் இன்றைக்கும் சாவ்தான், விஷ்ராம் என்கிற இந்தி ஆணைச் சொற்களைப் பழகிக்கொண்டுதான் ரயிலேற வேண்டும். சரி, அந்த விவகாரத்துக்குள் போனால் இந்தப் பதிவு முடியாது.

இப்போது எங்கள் மைதானத்தில் நடப்பதைச் சொல்கிறேன். பரேடு நாளில் காலை ஆறு மணிக்கெல்லாம் பையன்கள் வந்துவிடுவார்கள். காக்கிக்குக் கஞ்சி, பக்கிளுக்கு பிராஸோ, பூட்ஸ் முனைக்குத் தண்ணீர் தொட்டுத் தேய்த்த பாலிஷ். தொப்பியில் ஹேக்கில் என்கிற சிவப்பு இறகுக் குஞ்சம். பட்டாலியனிலிருந்து ஒரு ஹவில்தார் வருவார். அவர் வெலிங்டனில் பயிற்சி எடுத்த மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். பூட்ஸ் முனையில் தன் முகம் தெரிகிறதா என்று குனிந்து பார்ப்பார். தெரியாவிட்டால் ஒன்றும் சொல்லமாட்டார், நிமிர்ந்து அவன் முகத்தையே பார்ப்பார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்பான் பையன்.

துப்பாக்கிப் பயிற்சி என்றால் அவருக்கு உயிர். .22 ரைஃபிளைக் கழற்றி, பாகம் பாகமாகத் தார்ப்பாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மாட்டிக் காட்டுவார். சுடும்போது குப்புறப் படுத்திருக்கும் பையன் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, "மூச்சைப் பாதி விடு, நிறுத்து, இப்ப விரலை மட்டும் அசை, தோளை அசைக்காதே" என்று காதுக்குள் சொல்வார். ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழுந்துவிட்டால், அன்றைக்கு டிபனில் அந்தப் பையனுக்கு ஒரு முட்டை அதிகம். அது அவர் சொந்தச் செலவு.

இதெல்லாம் நல்ல பயிற்சி. சிப்பாயாகப் போகிறவனுக்கு இதைவிட நல்ல அஸ்திவாரம் கிடையாது. ஆனால் அதிகாரியாகப் போகிறவனை எடுக்கிற இடத்தில் கேட்கிற சரக்கு வேறு. என் சங்கடம் அதுதான்.

வழி என்னவோ நன்றாகத்தான் போட்டு வைத்திருக்கிறார்கள். என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரி என்று ஒன்று உண்டு. பட்டப்படிப்பில் 50 சதவீதம், என்.சி.சி.யின் மேல்நிலைச் சான்றிதழான சி சர்டிபிகேட்டில் குறைந்தது பி கிரேடு, வயது 19 முதல் 25-க்குள், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இவ்வளவு இருந்தால் ராணுவ அதிகாரிகளுக்காக யு.பி.எஸ்.சி. நடத்துகிற சி.டி.எஸ். எழுத்துத் தேர்வு எழுத வேண்டியதே இல்லை. விண்ணப்பத்தைப் பார்த்து நேராக எஸ்.எஸ்.பி. என்கிற அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். எழுத்துத் தேர்வுக்கு டெல்லியில் காசு செலவழித்துப் பயிற்சி எடுக்கிறவர்கள் இருக்கும்போது, வள்ளியூர்ப் பையனுக்கு அந்த வாசலே தேவையில்லை என்பது சின்ன விஷயமா? முதல் தடவை போகிறவர்களுக்கு மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில் கட்டணம்கூடத் திருப்பித் தருகிறார்கள்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் நடக்கும். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பெங்களூரு விழும். போன உடனே சட்டையின் மேல் ஒரு எண்ணைக் கட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு ஐந்து நாளும் அந்த எண்தான் பெயர். முதல் நாள் வடிகட்டல். அறிவுத்திறன் தேர்வு முடிந்ததும் மங்கலான படம் ஒன்றைத் திரையில் அரை நிமிடம் காட்டுவார்கள். நாலு நிமிடத்தில் அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நிமிடம் தன் கதையைச் சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக்கதைக்கு வர வேண்டும். பாதிக்கு மேல் பேர் அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போய்விடுவார்கள்.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒருவன் எங்கள் சீனியர் அண்டர் ஆபீசர், அதாவது மாணவர்களில் எல்லோருக்கும் மேல் ரேங்க். குடியரசு தின முகாம் வரை போய் வந்தவன். அவன் குரல் கொடுத்தால் மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற கடைசி வரிசையும் விறைத்து நிற்கும். அப்பாவுக்கு வாழைக்காய் வியாபாரம். பெங்களூரில் நடந்ததை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று சொன்னான். "எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறான் சார். எப்ப நம்ம முறை வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். டைம் முடிஞ்சிட்டு."

யாரும் அவனுக்கு முறை கொடுக்கப்போவதில்லை. அங்கே வருகிறவர்களே அந்தச் சத்தத்துக்கு மீன் மார்க்கெட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். கத்தினால் தேறுவதில்லை, காத்திருந்தாலும் தேறுவதில்லை. நாலு பேர் கத்துகிற இடத்தில் புகுந்து, "இந்த ரெண்டு கதையிலும் பொதுவா இது இருக்கு, இதை எடுத்துக்குவோமா?" என்று கேட்கத் தெரிந்தவனைத் தேடுகிறார்கள். மூன்று வருஷம் "எஸ் சார்" சொல்லிப் பழகினவனுக்கு அது எங்கிருந்து வரும்? வகுப்பில் கேள்வி கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறோம், வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்கிறோம், மைதானத்தில் சொன்னதைச் செய் என்கிறோம். மூன்றையும் ஒழுங்காகக் கேட்டு வளர்ந்த நல்ல பையன் பெங்களூரில் முதல் நாளே கழிந்துவிடுகிறான்.

இங்கிலீஷ்தான் தடை என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. தட்டுத்தடுமாறிப் பேசி உள்ளே போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொல்ல ஒரு விஷயம் இருந்து, சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பும் இருந்தால் இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் ஒப்பேறிவிடும். சொல்ல ஒன்றும் இல்லாதவன் எந்த மொழியில் பேசினால் என்ன?

இரண்டாம் நாள் மனவியல் தேர்வுகள். ஒரு சொல்லைத் திரையில் காட்டுவார்கள், 15 நொடிக்குள் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். இப்படி 60 சொல். அப்புறம் 60 நெருக்கடிகளைக் கொடுத்து, நீ என்ன செய்வாய் என்று அரை மணி நேரத்தில் எழுதச் சொல்வார்கள். யோசித்து நடிக்க நேரம் இருக்காது, அதற்காகத்தான் அந்த அவசரம். உன்னைப் பற்றி உன் அப்பா அம்மா என்ன நினைக்கிறார்கள், ஆசிரியர் என்ன நினைக்கிறார், நண்பன் என்ன நினைக்கிறான் என்றும் எழுதச் சொல்வார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். அப்பா தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று எந்தப் பையனுக்கு இங்கே தெரியும்?

மூன்றாம் நாளும் நாலாம் நாளும் வெளியில், ஜி.டி.ஓ. என்கிற குழுத்தேர்வு அதிகாரியோடு. பலகை, மரக்கட்டை, கயிறு கொடுத்து, கால் தரையில் படாமல் ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். சிவப்பு அடித்த இடத்தை ஆளும் தொடக்கூடாது, பொருளும் தொடக்கூடாது. நாலடிக்கு மேல் இடைவெளி இருந்தால் தாண்டக்கூடாது, கட்டித்தான் கடக்க வேண்டும். குழுவில் யார் தலைவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இதை நாங்களே மைதானத்தில் செய்து பார்த்தால் என்ன என்று தோன்றியது. பந்தல்காரரிடம் சவுக்குக் கம்பும் பலகையும் இரவல் வாங்கினோம். ரோடு போட்டவர்கள் விட்டுப்போன தார் டிரம் இரண்டு கிடைத்தது. சிவப்பு, வெள்ளை பெயின்ட் அடித்தோம். பரேடு முடிந்து, டிபனும் முடிந்த பிறகு எட்டுப் பேரைக் கூப்பிட்டு, "இந்த டிரம்லேர்ந்து அந்த டிரம்முக்கு எல்லாரும் போகணும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று தள்ளிப் போய் நின்றுகொண்டேன்.

ஒருத்தனும் அசையவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அண்டர் ஆபீசர் முகத்தைப் பார்க்கிறார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கிறான். நான் வேப்பமரத்தைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து முதல் வருஷப் பையன் ஒருவன், சர்டிபிகேட் வாசம்கூடப் படாதவன், வாயைத் திறந்தான். "அண்ணே, பலகையோட இந்த முனையில ரெண்டு பேரு உக்காந்து அமுக்கிக்கிட்டா, அந்த முனை எதுலயும் படாம நிக்கும்லா? அதுமேல ஒருத்தன் நடந்து போயி அங்க இறங்கிரலாம்." அண்டர் ஆபீசர் சட்டென்று திரும்பி, "நீ சும்மா இரு, சொன்னதைச் செய்" என்றான். எதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை என்பது அவனுக்கே அப்புறம்தான் உறைத்தது. எல்லோரும் சிரித்துவிட்டார்கள், அவனும்தான்.

கடைசியில் அந்தச் சின்னப் பையன் சொன்ன மாதிரிதான் கடந்தார்கள். ஹவில்தாருக்கு இதெல்லாம் முதலில் பிடிக்கவில்லை. ஜூனியர் சீனியருக்கு யோசனை சொல்வதா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் கயிறு முடிச்சுப் போடுவதைப் பார்க்கச் சகிக்காமல் அவரே இறங்கி வந்துவிட்டார். "இந்த முடிச்சுல ஏறினா செத்துருவே" என்று அவர் சொல்லிக் கொடுத்த முடிச்சுகள்தான் இப்போது எங்கள் சொத்து.

இவ்வளவும் தேறி, மருத்துவப் பரிசோதனையும் தேறி, மெரிட் பட்டியலிலும் பெயர் வந்தால் பயிற்சி எங்கே? பரங்கிமலையில். 1963-ல் அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது தொடங்கின பள்ளி, 1988-லிருந்து அதிகாரிகள் பயிற்சி அகாடமி. மணிப்பூரிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் பிள்ளைகள் அங்கே வந்து 49 வாரம் கிடந்து லெப்டினன்ட்டாக வெளியே போகிறார்கள். பயிற்சி முடிகிறவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு முதுநிலை டிப்ளமாவும் தருகிறது. நம் பையன்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் தாம்பரம் தாண்டும்போது அந்த வழியாகத்தான் போகிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கவும் தோன்றாது. அந்த அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் பெயர். 1972-ல் அங்கிருந்து வெளியே போனவர், 1987 நவம்பரில் இலங்கையில் உயிரிழந்து பரம்வீர் சக்ரா பெற்றவர்.

பெண்களுக்கும் இதே வழி உண்டு, ஆனால் இடம் கொஞ்சம். ஆண்களுக்கு ஒரு தடவைக்கு 50, 70 என்று வந்தால் பெண்களுக்கு 5, 6-தான். 1992-லிருந்து அதே அகாடமியில் பெண்களும் பயிற்சி எடுக்கிறார்கள். குறுகிய காலப் பணிதான் என்றிருந்ததை 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. ஆண்களைப் போலவே அவர்களையும் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

எங்கள் துறையில் மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு பெண் சி சர்டிபிகேட் வாங்கியிருக்கிறாள். விண்ணப்பம் போட வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாள். அம்மாவை வரச் சொன்னேன். பீடி சுற்றுகிறவர். கூடையை வெளியில் வைத்துவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"பொம்பளப்புள்ளைய பட்டாளத்துக்கு அனுப்பவா சார் படிக்க வச்சேன்?"

"பட்டாளம்தான்மா, ஆனா ஆபீசரா."

"சம்பளம் உண்டுமா?"

"பயிற்சியில இருக்கும்போதே மாசம் 56,100 ரூபா கொடுப்பாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. மகளைத் திரும்பிப் பார்த்தார். "இதை நீ சொல்லவே இல்லையே ளா?"

"சொல்ல விட்டியாம்மா நீ?"

"பயிற்சி முடியிற வரைக்கும் கல்யாணம் பண்ணக்கூடாது, அது ஒரு நிபந்தனை" என்றும் சொல்லி வைத்தேன். பின்னால் என்னைக் குறை சொல்லக்கூடாதே. "இருக்குற கடனுக்கு இப்ப யாரு சார் கல்யாணம் பேசுறா" என்று எழுந்துவிட்டார்.

அந்தப் பெண் போனாள். ஐந்து நாளும் இருந்தாள். கடைசி நாள் தேர்வாளர்கள் எல்லோரும் கூடி முடிவெடுக்கிற கான்ஃபரன்ஸில் பெயர் வரவில்லை. வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். அழுகை கிழுகை ஒன்றும் இல்லை. ஒருத்தரே தலைவராக நின்று தடையைக் கடக்கிற கமாண்ட் டாஸ்க்கில் தனக்கு உதவியாகக் கூப்பிட்ட இரண்டு பேரையும் எதற்குக் கூப்பிட்டோம் என்று இப்போது புரிகிறது, அடுத்த தடவை வேறு ஆளைக் கூப்பிடுவேன் என்றாள். வயது 25 ஆகும் வரை அவளுக்கு வாய்ப்பு இருக்கிறது. நடுவில் எம்.காம். சேர்ந்திருக்கிறாள்.

எங்கள் ஏ.என்.ஓ. நண்பர்கள் வாட்ஸாப் குழுவில் இதை எழுதினபோது ஒருவர், "பரேடுக்கே நேரமில்லை, இதுல இது வேறயா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். கேம்ப், கணக்கு, சீருடைப் பதிவேடு, மரம் நடும் நாள், பேரணி என்று எங்களைப் பிய்த்து எடுக்கிறார்கள். ஆனாலும் டிபனுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் எல்லோரிடமும் இருக்கிறது. பலகையும் கயிறும் பெரிய செலவில்லை. பக்கத்துக் கல்லூரிக்காரர்களுக்கு வேண்டுமென்றால் எங்கள் டிரம்மைக் கொண்டுபோகலாம், வண்டி வாடகை மட்டும் அவர்கள் பொறுப்பு.

கடைசி வருஷம் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பெஷல் என்ட்ரிக்கான அறிவிப்பு வருஷத்துக்கு இரண்டு முறை வரும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிற வகுப்புகளுக்கு ஜாயின் இந்தியன் ஆர்மி இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பட்டம் கையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், கடைசி வருஷத்திலேயே போடலாம். அதுவரை வந்த மதிப்பெண்ணில் 50 சதவீதம் இருக்க வேண்டும், அரியர் வைத்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள். எங்கள் கல்லூரிப் பையன்கள் பரேடுக்கு வரும்போது அன்றைய பேப்பரையும் கொண்டுவாருங்கள். தமிழ்ப் பேப்பரானாலும் பரவாயில்லை, அதில் ஒரு செய்தியைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்பேன். "நீங்க சொல்றதுதான் சார்" என்று சொல்கிறவனுக்கு டிபன் கடைசியில்தான்.